தக்காளி கொய்யும் பருவமும் பழத்தின் தரமும்

செடிகொடிகள் தரும் காய்கனிகளை அவற்றின் பருவத்துக்கேற்பப் பெயரிட்டு வழங்குதல் தமிழ் மரபாகும். பூ உதிர்ந்தபின் முதலில் தோன்றுவது பிஞ்சு. அதுவே மாவில் வடு எனவும், பலாவில் மூசு எனவும், தென்னையிலும் பனையிலும் குரும்பை எனவும் பெயர் பெறும். பிஞ்சு பருத்தால் காய். காய் முற்றிப் பழுக்கத் தொடங்கினால் செங்காய். முற்றக் கனிந்தால் பழம். இப்பெயர்கள் மொழியின் சொல்வளத்தை மட்டும் காட்டுவன அல்ல. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு பயன் உண்டென்பதையும், ஒன்றற்குரிய பயனை மற்றொன்றினிடம் எதிர்பார்த்தல் ஆகாதென்பதையும் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அவை சான்றாகும். ஊறுகாய்க்கு வடுவைத் தேடுவோர் பழத்தைத் தேடார்.

இப்பருவ வேறுபாடு பெரிதும் பொருள்படும் பயிர்களுள் தக்காளியும் ஒன்று. தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அந்தீசு மலைத்தொடரை அடுத்த நிலங்களைத் தாயகமாகக் கொண்டு, மெக்சிக்கோவிற் பயிராக்கப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் இசுப்பானியரால் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவிய இச்செடி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி என்பவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. சந்தையில் வாங்கிய தக்காளி செக்கச் சிவந்திருந்தும் சுவையற்றிருத்தலை வீட்டிலுள்ளோர் அறிவர். தோட்டத்திற் செடியிலேயே பழுத்த தக்காளி மணமும் சுவையும் நிறைந்திருந்தும் சந்தையைச் சேருமுன் நசுங்கிப்போதலைக் கமக்காரர் அறிவர். முன்னது உண்பார்க்கு இழப்பு. பின்னது உழைத்தார்க்கு இழப்பு. இவ்விரண்டுக்கும் பெருங்காரணமாயமைவது கொய்த பருவமே. எப்பருவத்திற் கொய்தால் பழத்தின் தரம் எவ்வாறாகும், அஃது எத்தனை நாள் கெடாதிருக்கும் என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்றலும் பழுத்தலும்

முற்றல் வேறு, பழுத்தல் வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். முற்றல் என்பது காய் தன் வளர்ச்சியை நிறைவுசெய்தல். பழுத்தல் என்பது அவ்வாறு வளர்ந்து முடிந்த காய் நிறம், மென்மை, சுவை, மணம் என்பவற்றில் மாறி உண்பதற்குரியதாதல். முற்றிய காயைச் செடியினின்று பிரித்தாலும் அது பழுக்கும். முற்றாத காயைப் பிரித்தால் அது வாடிச் சுருங்கும். அன்றேற் பெயரளவிற் சிவந்து சுவையின்றி நிற்கும்.

பூ மலர்ந்து கருக்கட்டியபின் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு கிழமைகளில் தக்காளிக்காய் முற்றும். இனத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப இக்காலம் கூடியுங் குறைந்தும் அமையும். முற்றிய காயும் பச்சை, முற்றாத காயும் பச்சை. எனவே கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. ஐயத்தைத் தீர்ப்பதற்கு ஒரு வழியுண்டு. சில காய்களை எடுத்துக் கூரிய கத்தியாற் குறுக்கே வெட்டிப் பார்த்தல் வேண்டும். விதைகளைச் சூழ்ந்த பகுதி கெட்டியாயிருந்து, கத்தி விதைகளையும் சேர்த்து வெட்டிச் சென்றால் அக்காய் முற்றவில்லை. அப்பகுதி கூழாகி, கத்தி படும்போது விதைகள் வெட்டுப்படாது வழுக்கி விலகினால் காய் முற்றிவிட்டது. இவ்வாறு இரண்டொரு காயை வெட்டிப் பார்த்தபின், அதே பருமனும் அதே தோற்றமும் உடைய ஏனையவற்றைக் கண்ணாலேயே தெரிந்து கொய்யலாம். முற்றிய காயின் தோல் மெழுகு பூசியது போல மினுங்கும். காம்புக்கு எதிர்ப்புறமாகிய நுனியில் பச்சை நிறம் சற்றே வெளிறி வெண்மை கலந்து தோன்றும்.

முற்றிய காய் செம்பழமாகும் வரையுள்ள மாற்றத்தை ஆறு நிலைகளாகப் பகுத்து, அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாயத் திணைக்களம் தரநியமம் வகுத்துள்ளது. தோல் முழுவதும் பச்சையாயிருப்பது முதனிலை. நுனியிற் பச்சை உடைந்து மஞ்சளோ இளஞ்சிவப்போ தோன்றி, அது தோற்பரப்பின் பத்திலொரு பங்குக்கு மேற்படாதிருப்பது இரண்டாம் நிலை. அந்நிறம் நூற்றுக்கு 10 முதல் 30 பங்கு வரை பரவுவது மூன்றாம் நிலை. 30 முதல் 60 வரை பரவுவது நான்காம் நிலை. 60 முதல் 90 வரை சிவப்பது ஐந்தாம் நிலை. 90க்கு மேற் சிவப்பது ஆறாம் நிலை. இவற்றுள் இரண்டாம் நிலை சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. பச்சை உடையும் அந்நிலையை 'நிறமுடையும் நிலை' என இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். செங்காய்ப் பருவத்தின் தொடக்கம் அதுவே.

பழத்தினுள்ளே நிகழ்வன

பழுக்கும்போது நிகழும் மாற்றங்கள் பல. பச்சை நிறந் தரும் பச்சையம் சிதைகின்றது. அதன் இடத்திற் செந்நிறந் தரும் இலைகோபீன் என்னும் நிறப்பொருள் பெருகுகின்றது. கலங்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் பெக்ரின் என்னும் பொருளை நொதியங்கள் சிதைப்பதாற் சதை மென்மையாகின்றது. மலிக்கமிலம் குறைந்து புளிப்புத் தணிகின்றது. பச்சைக் காயிலுள்ள தொமற்றின் என்னும் கைப்புப் பொருள் மறைகின்றது. ஆவியாகிப் பறக்கும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஏறத்தாழ இருபது பொருள்களே தக்காளிக்குரிய மணத்தைத் தருவன என்பர்.

இம்மாற்றங்களுட் பெரும்பாலானவை செடியினின்று பிரித்தபின்னரும் நிகழ வல்லன. நிறம் வரும், மென்மை வரும், மணமும் ஓரளவு வரும். ஆனால் இனிமையின் கதை வேறு. இதனை விளங்கிக்கொள்வதற்கு வாழைக்காயோடு தக்காளியை ஒப்புநோக்குதல் நன்று. முற்றிய வாழைக்காயில் அதன் நிறையின் ஐந்திலொரு பங்களவு மாப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கும். குலையை வெட்டியபின் அம்மாப்பொருளே வெல்லமாக மாறுகின்றது. ஆதலாற் பச்சையாக வெட்டிய குலையும் பழுத்தபின் இனிக்கின்றது. தக்காளியிலோ இளங்காயில் ஓரளவிருந்த மாப்பொருள் காய் முற்றும்போதே பெரிதும் கரைந்துவிடுகின்றது. முற்றிய காயில் எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். எனவே, பழத்தின் இனிமைக்குக் காரணமாகிய குளுக்கோசும் பிரற்றோசும் இலைகளில் ஆக்கப்பட்டுக் காம்பின் வழியாக வந்து சேர்ந்தனவேயாம். காம்பைப் பிரித்த கணத்தில் அவ்வரவு நின்றுவிடுகின்றது. அதன்பின் பழம் தன்னிடமுள்ளதைச் சுவாசத்திற் செலவிடுமேயன்றிப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளாது.

தக்காளியின் நிறையில் நூற்றுக்கு 93 முதல் 95 பங்கு நீர். எஞ்சிய ஐந்தாறு பங்கினுள் ஏறத்தாழப் பாதி வெல்லம். எட்டிலொரு பங்களவு அமிலம். இவ்வளவு சிறிய தொகையிலேதான் பழத்தின் சுவை முழுவதும் தங்கியுள்ளது. ஆதலால் ஒரு கிழமை முந்திக் கொய்தலால் இழக்கப்படும் சிறிதளவு வெல்லமும் நாவுக்குப் பெரிய வேறுபாடாகத் தோன்றுகின்றது. நிறம் பின்னரும் வரும், இனிமை பின்னர் வாராது என்பதே தக்காளியைப் பற்றி அறியவேண்டியவற்றுள் முதன்மையானது.

பழுத்தலைத் தூண்டும் வாயு

காய் பழுப்பதற்குக் காரணம் யாது? யாழ்ப்பாணத்தில் வாழைக்குலையைக் குழியிலிட்டுப் புகையூட்டிப் பழுக்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அமெரிக்காவிலும் கலிபோர்ணியா மாநிலத்தார், பச்சை எலுமிச்சங் காய்களை மண்ணெண்ணெய் அடுப்புகள் எரியும் அறைகளில் வைத்து மஞ்சளாக்கி வந்தனர். வெப்பமே இதற்குக் காரணமென அவர்கள் கருதினர். அடுப்பின் புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே காரணம் என்பதை 1924ஆம் ஆண்டில் டெனி என்னும் அறிஞர் காட்டினார். அதற்கு முன்னரே, 1901ஆம் ஆண்டில், உருசிய நாட்டு அறிஞராகிய நெல்யூபொவ், விளக்குவாயுவிற் கலந்துள்ள எதிலீன் பட்டாணி முளைகளின் வளர்ச்சியை மாற்றுவதைக் கண்டறிந்திருந்தார்.

இங்கிலாந்தின் கேம்பிரிச் நகரில் கிட், வெஸ்ற் என்னும் இருவர் அப்பிள் பழங்களின் சுவாசத்தை 1920களில் அளந்தனர். முற்றிய காயின் சுவாசம் தாழ்ந்திருந்து, பழுக்கத் தொடங்கும்போது திடீரென உயர்ந்து உச்சத்தை அடைந்து, பின்னர் தாழ்வதை அவர்கள் கண்டனர். இவ்வெழுச்சியுடைய பழங்கள் கொய்தபின்னும் பழுக்க வல்லன. வாழை, மா, பப்பாசி, தக்காளி என்பன இவ்வினத்தைச் சார்ந்தவை. தோடையும் முந்திரிகையும் அன்னாசியும் அவ்வெழுச்சி இல்லாதன. கொய்தபின் அவை இனிமை பெறுதல் இல்லை. பழங்கள் தாமே எதிலீனை உண்டாக்குகின்றன என்பதை 1934ஆம் ஆண்டில் கேன் என்பவர் நிறுவினார். பழக்கூடையில் ஒரு பழம் கனிந்தால் ஏனையவும் விரைந்து கனிவதன் காரணம் இதனாற் புலனாயிற்று.

எதிலீன் எவ்வழியாக உண்டாகின்றது என்பதை 1979ஆம் ஆண்டில் அடம்சு, யாங் என்னும் இருவர் தெளிவாக்கினர். அவ்வழியிலுள்ள ஒரு நொதியம் தோன்றாவண்ணம் தடுக்கப்பட்ட தக்காளிச் செடிகளை 1991ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் உருவாக்கினர். அச்செடிகளின் காய்கள் தாமாகப் பழுக்கவில்லை. வெளியிலிருந்து எதிலீன் ஊட்டியபோதே பழுத்தன. எதிலீன் பழுத்தலின் விளைவு மட்டுமன்று, அதன் தூண்டுகோலும் ஆம் என்பது இதனால் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

முற்றிய பச்சைக் காய் இவ்வாயுவைச் சிறிதளவே வெளிவிடும். நிறமுடையும் நிலையில் அதன் உற்பத்தி பெருகத் தொடங்கும். அந்நிலையை அடைந்த காய்க்குப் பிறர் தூண்டுதல் வேண்டியதில்லை. அது பழுக்கும் வழியில் தானே புறப்பட்டுவிட்டது.

பருவந்தோறும் விளையும் பயன்

இனி ஒவ்வொரு பருவத்திலும் கொய்வதன் விளைவைக் காண்போம்.

முற்றாத காயைக் கொய்தல் எவ்வகையாலும் பயன் தராது. சமையலுக்கெனப் பச்சைக் காயை வேண்டுவோர்க்கன்றி ஏனையோர்க்கு அது வீண். எதிலீன் ஊட்டினாலும் அது சீராகப் பழுக்காது. தோல் மெல்லியதாதலால் விரைவில் வாடும். நெடுந்தூரத்துக்கு அனுப்புவோர் பச்சைக் காய்களைக் கொய்யும்போது முற்றாதவையும் கலந்துவிடுதல் இயல்பு. சந்தையில் வாங்கும் சுவையற்ற தக்காளிகளுட் பல இவ்வாறு கலந்தனவேயாம்.

முற்றிய பச்சைக் காய் நீண்ட நாள் இருக்கும். கெட்டியாதலாற் பயணத்தைத் தாங்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தார் பெருந்தொகையான தக்காளியை இப்பருவத்திலேயே கொய்கின்றனர். காற்றில் பத்து இலட்சத்துக்கு நூறு பங்களவு எதிலீன் கலந்த அறைகளில், ஏறத்தாழ 20 பாகை செல்சியசு வெப்பநிலையில், ஒன்று முதல் மூன்று நாள் வரை அவற்றை வைத்துப் பின்னர் தொலைநகரங்களுக்கு அனுப்புகின்றனர். வணிகருக்கு இது பெரும் வசதி. எனினும் சுவையில் இது குறைவுடையதே.

நிறமுடையும் நிலையிற் கொய்தது காவலிற் பச்சைக் காயினும் ஓரிரு நாள் மட்டுமே குறைந்தது. ஆனால் முற்றாதது கலந்துவிடும் என்னும் அச்சம் இதில் இல்லை. ஏனெனில் முற்றாத காயில் நிறமுடைவதில்லை. கெட்டித்தன்மையும் பெரும்பாலும் குறையாதிருக்கும். நான்காம், ஐந்தாம் நிலைகளிற் கொய்தது சுவையிற் சிறந்தது; ஆனால் மென்மை தொடங்கிவிட்டதாற் பெரும்பாரம் தாங்காது. செடியிலேயே முழுதும் சிவந்தது இனிமையிலும் மணத்திலும் தலைசிறந்தது. எனினும் நசுங்குதலும் வெடித்தலும் அழுகலும் அதனை எளிதிற் பற்றும்.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேடர் என்பவரும் அவரோடு உழைத்தோரும் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்குக் கருதத்தக்கது. வெவ்வேறு பருவங்களிற் கொய்து 20 பாகையிற் பழுக்கவைத்த தக்காளிகளைச் சுவைஞர் உண்டு பார்த்தனர். செடியிற் பழுத்து உண்ணும் பருவத்திற் கொய்தவை, முந்திக் கொய்து பழுக்கவைத்தவற்றிலும் இனிமையும் தக்காளிச் சுவையும் மிக்கன என்பது அவர்தம் முடிவு. விற்றமின் சியின் அளவும் பழம் செடியில் நின்று பழுக்கும்போதே நன்கு கூடுகின்றது. எனவே கொய்யும் பருவம் சுவையை மட்டுமன்றி ஊட்டத்தையும் பற்றியதாகும்.

பழுக்கும் காலமும் வெப்பநிலையும்

கொய்தபின் பழம் செம்மையடைய எத்தனை நாள் ஆகும் என்பது கொய்த பருவத்தோடு வெப்பநிலையையும் பொறுத்தது. முற்றிய பச்சைக் காய் 12.5 பாகையில் ஏறத்தாழ 18 நாளிலும், 20 பாகையில் 10 நாளிலும், 25 பாகையில் 7 நாளிலும் முழுதும் சிவக்கும். நிறமுடைந்த காய்க்கு முறையே 16, 8, 5 நாட்கள் போதும். பாதியளவு சிவந்ததற்கு 10, 4, 2 நாட்களே வேண்டும். இக்கணக்கைக் கொண்டு, சந்தைக்குச் செல்லும் நாளையும் உண்ணும் நாளையும் எண்ணி, எப்பருவத்திற் கொய்யலாம் என்பதைக் கமக்காரர் முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

வெப்பம் கூடினால் இன்னும் விரைந்து சிவக்கும் என எண்ணுதல் தவறு. 30 பாகைக்கு மேற்பட்டால் இலைகோபீன் உண்டாதல் தடைப்படுகின்றது. பச்சையம் சிதைய, மஞ்சள் நிறந் தரும் கரோற்றின் மட்டும் எஞ்சி நிற்பதாற் பழம் செம்மஞ்சளாகவே நின்றுவிடுகின்றது. பங்குனி, சித்திரை மாதங்களில் வெயிலிற் கிடந்த தக்காளி செவ்வனே சிவவாமைக்குக் காரணம் இதுவே. பழுக்கவைப்பதற்கு வெயில் வேண்டியதில்லை, நிழலே வேண்டும்.

குளிரும் தக்காளிக்கு நட்பன்று. வெப்ப மண்டலத்திற் பிறந்த பயிராதலால், 10 பாகைக்குக் கீழ் இரண்டு கிழமையோ, 5 பாகையில் ஒரு கிழமையோ வைக்கப்பட்ட பச்சைக் காய் ஊறுபடுகின்றது. வெளியே எடுத்தபின் அது சீராகச் சிவப்பதில்லை; தோலிற் குழிகள் விழும்; கரும்பூஞ்சணம் பற்றும். பழம் கனியுந்தோறும் குளிரைத் தாங்கும் ஆற்றல் கூடுகின்றது. ஆதலால் முற்றிய பச்சைக் காயை 12.5 முதல் 15 பாகை வரையிலும், பெரும்பாலும் சிவந்ததை 10 முதல் 12.5 வரையிலும், முழுதும் சிவந்து கெட்டியாயுள்ளதை 7 முதல் 10 வரையில் மூன்று முதல் ஐந்து நாளும் வைக்கலாம் என அறிஞர் விதிப்பர். கனிந்த பழமும் குளிரில் நெடுநாள் இருந்தால் மணத்தை இழக்கும். பழத்தை 5 பாகையில் ஒரு கிழமை வைத்தால் மணப்பொருள்களை ஆக்கும் பரம்பரையலகுகள் செயல் குன்றுகின்றன என்பதையும், பின்னர் வெளியே வைத்தாலும் இழந்த மணம் முழுவதும் மீள்வதில்லை என்பதையும் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டிற் காட்டினர். எனவே வீட்டிலுள்ள குளிர்ப்பெட்டி, பழுக்காத தக்காளிக்கு உரிய இடமன்று.

இயற்கையை வெல்ல முயன்ற வரலாறு

சுவையும் வேண்டும், நெடுநாட் காவலும் வேண்டும் என்னும் ஆசை அறிஞரைப் பல வழிகளில் முயலச் செய்தது. பழுக்கும் ஆற்றலே குன்றிய ஒரு தக்காளி வகை 1960களின் பிற்பகுதியில் அறியப்பட்டது. அதனை நல்லினங்களோடு கலந்து பெற்ற கலப்பினங்கள் பல நாள் கெடாதிருந்தன. ஆனால் பழுத்தல் தாமதித்ததோடு மணமும் நிறமும் குறைந்தன.

கல்ஜீன் என்னும் அமெரிக்க நிறுவனம், பெக்ரினைச் சிதைக்கும் ஒரு நொதியத்தைப் பரம்பரையலகு மாற்றத்தால் ஒடுக்கி ஒரு தக்காளியை ஆக்கியது. 'பிளேவர் சேவர்' எனப் பெயர் பெற்ற அதற்கு 1994ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இவ்வாறு மாற்றப்பட்ட முழு உணவுப் பொருள்களுள் மக்களுக்கு விற்கப்பட்ட முதலாவது அதுவே. செடியிலேயே சிவக்கவிட்டு, கெட்டியாகக் கொய்து தொலைவுக்கு அனுப்பலாம் என்பது அதன் நோக்கம். ஆயினும் பழம் மென்மையாதல் ஒரு நொதியத்தால் மட்டும் நிகழ்வதன்று. பயணத்தை அது எதிர்பார்த்தவாறு தாங்கவில்லை, செலவும் மிகுந்தது. 1997ஆம் ஆண்டளவில் அது சந்தையினின்று மறைந்தது. பெக்ரினைச் சிதைக்கும் வேறொரு நொதியத்தை ஒடுக்கியபோது பழம் கெட்டியாயிருத்தலை இங்கிலாந்தின் நொற்றிங்காம் அறிஞர் குழுவினர் 2016ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

மற்றொரு செய்தியும் படிப்பினை தருவது. காம்பைச் சூழ்ந்த தோள்பகுதி கரும்பச்சையாயிராது, காய் முழுதும் ஒரே நிறமாக வெளிறியிருக்கும் இனங்களையே வளர்ப்போர் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தனர். பழுக்கும் பருவத்தைக் கண்டறிந்து ஒருங்கே கொய்வதற்கு அஃது உதவியது. ஆனால் அவ்வாறு தேர்ந்ததால், காயிற் பச்சையத்தைப் பெருக்கும் ஒரு பரம்பரையலகு செயலிழந்து போயிற்று என்பதும், அதனாற் பழத்தில் வெல்லம் குறைந்தது என்பதும் 2012ஆம் ஆண்டில் வெளியாயின. கண்ணுக்கு அழகை வேண்டி நாவுக்குரியதை இழந்த கதை இது.

நம் நாட்டு நிலை

மேற்கூறியவற்றால் கமக்காரருக்கும் வாங்குவோர்க்கும் ஏற்படும் பயன் யாது? இலங்கையிற் காய்கறிகளிலும் பழங்களிலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை அறுவடைக்குப் பின் வீணாகின்றன எனக் கணிக்கப்படுகின்றது. தக்காளி அவற்றுள் எளிதிற் கெடுவது. மாரி மழையின் பின் நட்ட பயிர் ஒரே காலத்திற் காய்த்துத் தை, மாசி மாதங்களிற் சந்தையை நிரப்பும்போது விலை வீழ்கின்றது. விலை உயரும் வரை வைத்திருக்க இயலாமையாற் கமக்காரர் கிடைத்த விலைக்கே கொடுக்கின்றனர். கொடுக்க முடியாதபோது தோட்டத்திலேயே விட்டுவிடுகின்றனர். நான்கு மாத உழைப்பு நான்கு நாளில் அழிவது சிறிய துன்பமன்று.

இதனைத் தணிப்பதற்குக் கொய்யும் பருவத்தைத் தூரத்துக்கேற்பத் தெரிதலே செலவற்ற முதல் வழியாகும். வலிகாமத்துச் செம்மண் தோட்டத்திற் கொய்து அன்றே திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகச் சந்தையிலோ விற்பதாயின் ஐந்தாம் நிலையிற் கொய்வதே முறை. அங்கு வாங்குவோர் மறுநாளே சமைப்பர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கோ, 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கோ அனுப்புவதாயின் நிறமுடையும் நிலையிற் கொய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகையாதலால், அந்நிலையிற் கொய்தது நிழலில் ஐந்து நாளுக்குள் சிவந்துவிடும். இவ்வளவு விரைந்து பழுக்கும் நாட்டில், முழுப் பச்சையிற் கொய்து சுவையை இழத்தற்குக் காரணம் அருமை. இரண்டு நாளுக்கொருமுறை தோட்டத்தைச் சுற்றிவந்து நிறமுடைந்தவற்றை மட்டும் தெரிந்து கொய்வதற்கு ஆள் வேண்டும் என்பது உண்மை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொய்து முற்றியதும் முற்றாததும் கலந்து அனுப்புவதால் வரும் விலைக்குறைவோடு அக்கூலியை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

கொய்யும் முறையும் கவனிக்கத்தக்கது. பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் கொய்தல் நன்று. கொய்ததை உடனே நிழலுக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நீண்ட காம்போடு விட்டால் அது பக்கத்திலுள்ள பழத்தைக் குத்தும். காம்பு நீங்கிய தழும்பின் வழியாகவே பழம் பெரிதும் மூச்சுவிடுகின்றது, நீரையும் இழக்கின்றது, அழுகல் நுண்ணுயிர்களும் அவ்வழியே புகுகின்றன. சூடாயிருக்கும் பழத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி அழுக்குநீரைத் தழும்பின் வழியே உள்ளிழுக்கும். ஆதலாற் கழுவுதல் அவசியமாயின் பழம் ஆறியபின் கழுவி உலர்த்துதல் வேண்டும். சாக்கிலும் ஆழ்ந்த பெட்டியிலும் அடைத்தால் மேலுள்ளவற்றின் பாரம் கீழுள்ளவற்றை நசுக்கும். லொறிகளிற் காய்கறிகளைப் பிளாஸ்ரிக் கூடைகளிலேயே ஏற்றவேண்டுமென 2011ஆம் ஆண்டின் இறுதியில் விதிக்கப்பட்டபோது, கமக்காரரும் வணிகரும் அதனை எதிர்த்தனர். கூடையின் விலையும் வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் யாரைச் சேரும் என்பது தீராதிருக்கும் வரை, அறிவியல் நல்லதெனக் கூறுவது நடைமுறைக்கு வருதல் கடினம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. எனினும் பழம் எவ்வளவு கனிந்ததோ அவ்வளவு ஆழங்குறைந்த கலத்தில் இடல் வேண்டும் என்பது எக்கலத்துக்கும் பொருந்தும் விதியாகும்.

வீட்டுக்கு வாங்குவோரும் சில அறிந்திருத்தல் நலம். பல நிலைகளிலுள்ளவற்றைக் கலந்து வாங்கினால் ஒரு கிழமைக்கு ஒன்றன்பின் ஒன்றாக உதவும். பழுக்காதவற்றைக் காற்றோட்டமுள்ள நிழலிற் காம்புப்புறம் கீழாகப் பரப்பிவைத்தல் வேண்டும். விரைவில் வேண்டுமாயின் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துக் கடதாசிப் பையில் வைத்தல் போதும். பழத்தினின்று வரும் எதிலீன் தன் கடமையைச் செய்யும். கல்சியங் காபைட்டுக் கல்லால் பழுக்கவைத்தல் தீது. அதினின்று வரும் அசற்றலீன் வாயு நிறத்தை மாற்றுமாயினும், அக்கல்லில் ஆசனிக்கு, பொசுபரசு ஆகிய நஞ்சுப் பொருள்கள் கலந்திருத்தல் உண்டு. முழுதும் சிவந்ததை உடனே உண்ணாவிடின் மூன்று நான்கு நாள் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். உண்பதற்குச் சில மணிநேரம் முன் வெளியே எடுத்துவைத்தல் வேண்டும்.

முடிவுரை

தக்காளிக்கு எல்லார்க்கும் எவ்விடத்தும் பொருந்தும் ஒரே பருவம் என ஒன்றில்லை. செடிக்கும் உண்பானுக்கும் இடையிலுள்ள தூரமே பருவத்தை வகுக்கின்றது. செடியில் நின்ற ஒவ்வொரு நாளும் பழத்துக்கு இனிமையைச் சேர்க்கின்றது. அதே நாள் அதன் காவற்காலத்திற் குறைகின்றது. இந்த ஆதாய நட்டத்தைக் கணக்கிட்டறிந்து கொய்வோர் இரண்டிலும் பெரிதும் இழப்பதில்லை. முற்றாததைக் கொய்வோர் இரண்டையும் இழப்பர். எதிலீன் அறையும் குளிரறையும் புதிய இனங்களும் இக்கணக்கைச் சிறிது மாற்றவல்லனவே அன்றி அழிக்கவல்லன அல்ல. பெருநாடுகள் பல ஆயிரங் கிலோமீற்றர் தூரத்தை வெல்லும் பொருட்டுச் சுவையை விலையாகக் கொடுத்தன. தோட்டமும் சந்தையும் அடுக்களையும் ஒரு நாட் பயணத்துக்குள் அடங்கிய நம் நாட்டில் அவ்விலையைக் கொடுக்கவேண்டிய தேவை இல்லை. செங்காய்ப் பருவம் அறிந்து கொய்து, நிழலில் வைத்து, ஆழங்குறைந்த கூடையில் அனுப்புவோமாயின், உழுதவர் பயனும் உண்பவர் சுவையும் ஒருங்கே காக்கப்படும்.